'என்று' இருக்க மேற்கோள் குறி எதற்கு?

இரண்டாம் ஆண்டு, இளநிலை இயற்பியல்

ஆங்கிலத் தேர்வு முடிந்து வெளியே வரும் மாணவர் கூட்டத்தைக் கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். எழுத்துப் பிழைக்காக வருந்துவோர் உண்டு. காலத்தை மாற்றி எழுதிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்வோர் உண்டு. மேற்கோள் குறியை விட்டுவிட்டேனே என்று வருந்திய ஒருவரையும் இதுவரை நான் கண்டதில்லை. வரிக்கு மேலே கொசு உட்கார்ந்தாற்போல இரண்டு, வாக்கியம் முடிந்ததும் இன்னும் இரண்டு. ஆசிரியரின் சிவப்பு மையைச் செலவழிப்பதற்கென்றே ஏற்பட்டவை இவை என்பது நம்மில் பலருடைய எண்ணம். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஆங்கில இலக்கணத்தில் நாம் கற்க வேண்டியவற்றுள் நேர்மையோடு தொடர்புடையது ஏதேனும் உண்டென்றால் அது இந்தக் குறிதான் என்று கருதுகிறேன். இந்தச் சொல் யாருடையது என்று காட்டுவதே அதன் வேலை. படிப்பு வாசனை புதிதாக நுழைந்திருக்கும் வீடுகளிலிருந்து வரும் நமக்கு அது சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. அதைக் கற்பிக்கும் வழியோ நம் தமிழிலேயே கிடக்கிறது. ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க. அறிவியல் மாணவன் ஒருவன் அவர்கள் எல்லைக்குள் கால் வைக்கிறான்.

முதலில் பிழையைப் பார்ப்போம். "அவன் வருகிறேன் என்று சொன்னான்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம்மில் பலர் எழுதுவது இது: ஹீ டோல்ட் தட் "ஐ வில் கம்". இன்னும் சிலர் குறியையும் விட்டுவிட்டு, ஹீ டோல்ட் தட் ஐ வில் கம் என்று எழுதிவிடுவர். முன்னது நேர்கூற்றும் அயற்கூற்றும் சேர்ந்த கலப்படம். பின்னது அதனினும் கேடு, பொருளே மாறிவிடுகிறது. வருவதாக வாக்குக் கொடுத்தவன் அவன். வாக்கியத்தின்படி வந்து நிற்க வேண்டியவனோ எழுதிய நான்! சரியான வழிகள் இரண்டு. ஹீ செட், "ஐ வில் கம்" என்பது ஒன்று. ஹீ செட் தட் ஹீ வுட் கம் என்பது மற்றொன்று. ஒன்றில் அவன் வாய்ச்சொல் அப்படியே இருக்கிறது. மற்றதில் அவன் சொன்ன செய்தி மட்டும் இருக்கிறது, சொற்கள் என்னுடையவை.

பள்ளி நாள் முதல் திருத்தப்பட்டும் இந்தப் பிழை ஏன் நம்மை விடவில்லை? மாணவர்களுக்குக் கவனம் போதாது என்பது எளிதான விடை. எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. 'தட்' என்றால் 'என்று' என மனப்பாடம் செய்தோமே, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. ஆங்கிலத்தின் 'தட்' வாசலில் நிற்கும் காவற்காரனைப் போன்றது. பிறர் பேச்சு உள்ளே நுழையுமுன், அதிலுள்ள 'நான்' 'அவன்' ஆக வேண்டும். 'நாளை' 'மறுநாள்' ஆக வேண்டும். வினைச்சொல்லும் ஒரு காலம் பின்னே போக வேண்டும். இத்தனை உடையையும் மாற்றிக்கொண்டால்தான் அனுமதி. நம் 'என்று' அப்படிப்பட்டதன்று. பேசியவன் சொல்லை முழுதும் கொட்டிய பிறகு, கடைசியில் வந்து முளை அடிப்பது அது. உள்ளே 'நான்' இருந்தாலும், 'நீ' இருந்தாலும், வசைச்சொல்லே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆகவே 'என்று' என்பதற்கு ஆங்கிலத்தில் நேர் இணை, மூடும் மேற்கோள் குறிதான். 'தட்' என்பதற்குத் தமிழில் இணை வேண்டுமானால் 'ஆக' என்பதைச் சொல்லலாம். "தான் வருவதாகச் சொன்னான்" என்னும்போது 'நான்' போய்த் 'தான்' வந்துவிட்டது. அவன் குரல் போய் நம் குரல் வந்துவிட்டது. 'என்று' வந்தால் மேற்கோள் குறி, 'ஆக' வந்தால் 'தட்': இந்த ஒன்றைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனையோ சிவப்புக் கோடுகள் குறைந்திருக்கும். பேச்சுத் தமிழில் நாம் 'ஆக'வை அதிகம் தேடுவதில்லை; "வர்றேன்னான்", "தரமாட்டேன்னுட்டா" என்று பிறர் பேச்சைப் பெரும்பாலும் அவர்கள் வாயாலேயே பேசிக் காட்டுகிறோம். ஆகவே நேர்கூற்று நமக்கு ஆங்கிலேயரைவிடப் பழக்கமான பொருள்.

அப்படியானால் 'என்று' போதுமே, குறி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். இந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள்: கந்தன் தம்பி பணம் கொடுத்துவிட்டான் என்றான்.

பேசியவன் யார்? பணம் கொடுத்தவன் யார்? கந்தன், "தம்பி பணம் கொடுத்துவிட்டான்" என்றான் என்று கொண்டால், பேசியவன் கந்தன், கொடுத்தவன் தம்பி. கந்தன் தம்பி, "பணம் கொடுத்துவிட்டான்" என்றான் என்று கொண்டால், பேசியவன் தம்பி; கொடுத்தவன் வேறு எவனோ. "கந்தன் தம்பி பணம் கொடுத்துவிட்டான்" என்றான் என்று கொண்டால், இருவரையும் தாண்டி மூன்றாமவன் ஒருவன் பேசியிருக்கிறான். வாயால் சொல்லும்போது ஒரு சிறு நிறுத்தம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். தாளில் நிறுத்தம் கேட்பதில்லை. 'என்று' மூடும் இடத்தைக் காட்டும். திறக்கும் இடத்தைக் காட்டாது. கதவு எங்கே திறந்தது என்று தெரியாமல் மூடிய கதவை மட்டும் பார்த்து என்ன பயன்? கொடுக்கல் வாங்கல் வழக்கு ஒன்றில் இந்த வாக்கியம் குறியில்லாமல் எழுதப்பட்டிருந்தால் மூன்று வழக்கறிஞர்கள் மூன்று விதமாக வாதாடலாம்.

நம் முன்னோர் இதை எவ்வாறு சமாளித்தனர் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமுண்டு. தொல்காப்பியர் 'என' என்னும் இடைச்சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு நிலைகளைச் சொல்லி, 'என்று' என்பதையும் அதனோடு சேர்க்கிறார். அத்துடன், தமக்கு முன்னிருந்தோர் கருத்தைச் சொல்லும் இடங்களில் 'என்ப' என்றும் 'மொழிப' என்றும் முடித்துவிடுகிறார். இது என் கண்டுபிடிப்பன்று, பெரியோர் சொன்னது என்று அறிவிக்கும் முத்திரை அது. குறி கிடையாது, ஆனால் குறியின் கடமை நிறைவேறியிருக்கிறது.

எங்கள் திருவதிகைக்கே வருவோம். கெடிலக் கரையிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் பல்லவர், சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கல்லில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லாதபோது மேற்கோள் குறிக்கு எங்கே போவது? ஆயினும் சொல்லுக்கு உரியவனைக் காட்டுவதில் அக்காலத்தார் காட்டிய கண்டிப்பு வியப்பூட்டுவது. சோழர் ஆட்சியில் அரசன் வாயால் சொன்ன ஆணையைக் கேட்டு அறிவிப்பதற்குத் 'திருவாய்க்கேள்வி' என்றே ஓர் அதிகாரி இருந்தார். அதை ஓலையில் எழுதுவோர் வேறு; சரிபார்ப்போர் வேறு. அரசன் ஆணை பல சாசனங்களில் 'நாம்' என்று தன்மையிலேயே பேசுகிறது. கையொப்பமிடும் சாட்சிகளோ, இது இன்னார் எழுத்து என்று ஒவ்வொருவராகப் பொறிக்கச் செய்துள்ளனர். சொன்னவர் ஒருவர், கேட்டவர் ஒருவர், எழுதியவர் ஒருவர் என்று பிரித்துக் காட்ட இத்தனை ஏற்பாடு. நாமோ நான்கு சிறு கோடு போடச் சலித்துக்கொள்கிறோம்.

திருவதிகையார் இன்னொருவரையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. மெய்கண்டாரின் மாணவரான மனவாசகம் கடந்தார் எங்கள் ஊரினர். சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றான 'உண்மை விளக்கம்' அவர் இயற்றியது. மாணவன் கேட்க ஆசிரியர் விடை சொல்வதாக வெண்பாவிலேயே அமைந்த நூல் அது. வினா எது, விடை எது என்று காட்ட அவர் கையில் எந்தக் குறியும் இல்லை. 'ஐயனே' என்பது போன்ற விளி வந்தால் பேசுபவன் மாணவன். 'கேள்' என்று வந்தால் பேசுபவர் ஆசிரியர் என நாம் உணர்ந்துகொள்கிறோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறியில்லாமல் எழுத வேண்டுமானால் அத்தனை திறமை வேண்டும். அந்தத் திறமை நம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆதலால் நமக்குக் குறி வேண்டும்.

திறமை மிக்கவர்களிடத்தும் அது எப்போதும் போதுமானதாக இருக்கவில்லை என்பதற்கு உ.வே. சாமிநாதையர் பட்ட பாடு சான்று. சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அவர் 1887-இல் வெளியிட்டார். ஏட்டில் மூலமும் உரையும் வேறுபாடின்றி ஓடும். உரைக்குள்ளே பழம்பாடல் அடிகள் எடுத்தாளப்பட்டிருக்கும். அவை எந்த நூலைச் சேர்ந்தவை, யார் பாடியவை என்று உரையாசிரியர் பல இடங்களில் சொல்வதில்லை. பிறரும் இவ்வாறு சொன்னார் என்னும் பொருள்பட ஒரு தொடரோடு முடித்துவிடுவார். அந்தப் பிறர் யார் என்று தேடுவதே ஐயருக்குப் பெரும் வேலையாயிற்று. தொகைநூல் ஏடுகளைப் படிக்கப் படிக்க அவ்வடிகள் இருந்த இடங்கள் அவருக்கு ஒவ்வொன்றாய் அகப்பட்டன. பின்னர் அவர் தம் பதிப்புகளில் மேற்கோள்களை இனம் பிரித்து, அவை வந்த நூல்களையும் தொகுத்துக் காட்டினார். தாம் பட்ட துன்பத்தை அடுத்தவர் படக்கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அவர் 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் என்பது நம் மாவட்டத்தார் நினைவில் வைக்கத்தக்கது.

அதே சிதம்பரத்தில் அவருக்கும் முன்னே, 1864-இல், சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். இளமையில் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர், அச்சகம் நடத்தியவர். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை நிலைபெறச் செய்தவர்களுள் அவர் முன்னணியில் நிற்பவர். பிற சமயத்தாரை எதிர்த்து வாதிட்ட அதே மனிதர், அவர்கள் கொண்டுவந்த குறிகளை ஏற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. குறிகள் அயல்நாட்டுச் சரக்கு, தமிழுக்கு வேண்டா என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. நாவலரைவிடச் சைவப் பற்றும் தமிழ்ப் பற்றும் மிக்கவர்கள் தாங்கள் என்று அவர்கள் கருதினால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இன்னொன்று. மேற்கோள் குறி ஆங்கிலேயர் பிறப்பிலேயே கொண்டுவந்ததும் அன்று. 1611-இல் வெளியான அவர்களுடைய புகழ்பெற்ற விவிலிய மொழிபெயர்ப்பில், ஏசுநாதர் பேச்சுக்கும் சரி, பிறர் பேச்சுக்கும் சரி, மேற்கோள் குறி கிடையாது. புதினங்கள் பெருகி, வீட்டுக்குள் நிகழும் உரையாடலை அச்சில் காட்ட வேண்டிய தேவை வந்த பிறகே இன்றைய முறை உறுதிப்பட்டது. ஈய எழுத்துக் கோத்த அந்தக் காலத்தில் அச்சுக்கோப்பவர்கள், இருந்த காற்புள்ளி எழுத்தையே எடுத்துத் தலைகீழாகத் திருப்பி மேலே வைத்துத் திறக்கும் குறியாக்கினார்கள். 'இன்வெர்ட்டட் காமா' என்று நாம் பொருள் தெரியாமல் சொல்லிவரும் பெயருக்குக் காரணம் இதுதான்: கவிழ்த்த காற்புள்ளி. தட்டச்சுப்பொறி வந்தபோது திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரே குறியாகிவிட்டது. இப்போது கணிப்பொறி தானே திருத்திக் கொடுக்கிறது. சில வேளை தவறாகவும் திருத்துகிறது.

நாட்டுக்கு நாடு வேறுபாடும் உண்டு. கடலூரில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த அந்த ஊர்ப் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களில் பேச்சு « இப்படி » அம்பு முனைகளுக்கிடையே இருக்கும். ஜெர்மானியர் திறக்கும் குறியை வரிக்குக் கீழே வைப்பர். ஜப்பானியர் மூலைச் சட்டம் போன்ற 「」 ஒன்றைப் பயன்படுத்துவர். ஆங்கிலத்துக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. இங்கிலாந்துப் பதிப்பாளர் பலர் ஒற்றைக் குறியை முதலில் வைத்து, மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் இரட்டைக் குறி இடுவர். அமெரிக்கர் இதற்கு நேர்மாறு. அமெரிக்கர் முற்றுப்புள்ளியையும் காற்புள்ளியையும் எப்போதும் குறிக்கு உள்ளே தள்ளிவிடுவர். இங்கிலாந்து முறையிலோ, புள்ளி பேசியவனுக்குச் சொந்தமானால் உள்ளே, எழுதுபவனுக்குச் சொந்தமானால் வெளியே. எனக்கு இங்கிலாந்து முறையே பிடித்திருக்கிறது; ஒரு புள்ளியைக்கூட உரியவனிடமே விட்டுவிடும் நியாயம் அதில் இருக்கிறது. தேர்வுக்கு எதைப் பின்பற்றினாலும் தொடக்கம் முதல் இறுதி வரை ஒன்றையே பின்பற்றினால் போதும். 'செட்' என்பதற்குப் பின் காற்புள்ளி, பேச்சின் முதலெழுத்து பெரிய எழுத்து, பேச்சு பல பத்திகளுக்கு நீண்டால் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி, கடைசிப் பத்தியில் மட்டும் மூடும் குறி. விதிகள் இவ்வளவே. மற்றவை பழக்கத்தில் வந்துவிடும்.

குறியை விடுவதைப் போலவே, வேண்டாத இடத்தில் போடுவதும் ஒரு நோய். பண்ருட்டிக் கடைத்தெருவில் ஒரு நாள் நடந்து பார்த்தால் போதும். "ஒரிஜினல்" முந்திரிப் பருப்பு. "சுத்தமான" பசும்பால். "தரமான" பலாச்சுளை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு மாற்றாக நம்மவர் குறிகளைப் பயன்படுத்துகின்றனர். ஆங்கில வழக்கம் அறிந்தவன் இவற்றைப் படித்தால் கடைக்காரர் கண்ணடிக்கிறார் என்றே நினைப்பான். அவர்கள் வழக்கில் ஒரு சொல்லைத் தனியே குறிக்குள் வைத்தால், இது பிறர் சொல்வது, நான் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். சுத்தமான என்பது பால்காரர் சொல். எழுதிய ஓவியருக்கு அதில் ஐயம்! வியாபாரிகளைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. குறியின் உயிர் எதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. குறிக்குள் போனவுடன் சொல் கைமாறிவிடுகிறது.

பெரியோர் பெயரால் கைமாறும் சொற்களும் உண்டு. வாடிக்கையாளரின் பெருமையைக் கூறும் ஒரு வாசகத்தைக் காந்தியடிகள் படத்தின் கீழே, குறிகளோடு, சட்டமிட்டு மாட்டியிருப்பதை வங்கிகளிலும் கடைகளிலும் கண்டிருப்பீர்கள். அவருடைய ஆங்கிலத் தொகுப்பு மட்டும் நூறு தொகுதிகள். அவர் அவ்வாறு சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று தேடிப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் பேச்சுப் போட்டிகளில் "அறிஞர் ஒருவர் சொன்னார்" என்று முழங்குகிறோமே, அந்த அறிஞருக்கு அது தெரியுமா என்று நடுவர்கள் ஒரு தடவையேனும் கேட்டால் நன்றாயிருக்கும்.

இப்போது, இது நமக்கு ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று முன்னர்ச் சொன்னதற்கு வருகிறேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் பலர். அதனாலேயே தெருவுக்கெல்லாம் நாம் வாசிப்போர் ஆகிவிட்டோம். எங்கள் தெருவில் ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தால் அது நேரே எங்கள் திண்ணைக்கு வரும். மருத்துவமனைச் சீட்டோ, நகைக்கடன் அறிவிப்போ, எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இதுல இன்னா போட்டிருக்கான்?" ஒரு நகைக்கடன் அறிவிப்பில், தவணை தவறினால் நகை ஏலம் விடப்படலாம் என்னும் பொருளில் 'மே' என்று இருந்தது, 'வில்' என்று இல்லை. இதைப் படித்துச் சொல்லும்போது நான் இரண்டு குரலில் பேச வேண்டியிருக்கிறது. "தாள்ல போட்டிருக்கிறது இது, அத்தே: ஏலம் விடலாம். விட்டுடுவான்னு போடலை. இனிமே நான் சொல்றது என் யோசனை: திங்கட்கிழமையே போய் வட்டியைக் கட்டிடுங்க." தாளின் சொல்லையும் என் யோசனையையும் ஒன்றாய்க் குழைத்துக் கொடுத்தால், கேட்பவர் அந்த இரவே பயந்துபோய் ஆட்டை விற்றுவிடலாம், அல்லது அச்சமே இல்லாமல் நகையை இழந்துவிடலாம். எழுத்தறியாதவர் நம்மை நம்பும்போது, எழுதியவன் சொல் எங்கே முடிகிறது, நம் சொல் எங்கே தொடங்குகிறது என்பதை அவர் கண்ணால் சரிபார்க்க இயலாது. மேற்கோள் குறியை நாம்தான் வாயால் இட வேண்டும்.

இது வாசிப்பதோடு நிற்கப் போவதில்லை. நம் வகுப்பறைகளில் குரூப் 4 தேர்வுப் புத்தகம் இல்லாத பை குறைவு. நாளை நம்மில் சிலர் கிராம நிர்வாக அலுவலர் ஆவோம். சிலர் இளநிலை உதவியாளர் ஆவோம். சிலர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுவோம். அப்போது பிறர் சொன்னதை எழுதுவதே நம் பிழைப்பாக இருக்கும். மரண வாக்குமூலத்தைப் பற்றி 1957-இல் உச்ச நீதிமன்றம் குஷால் ராவ் வழக்கில் கூறியதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். இயன்றவரை சொல்பவருடைய சொற்களிலேயே, வினா விடையாக எழுதப்பட்ட வாக்குமூலம், வாய்மொழிச் சாட்சியத்தை மட்டும் நம்பி நிற்பதைவிட உயர்ந்த இடத்தில் இருக்கிறது என்பது அத்தீர்ப்பின் கருத்து. "அடித்தான்" என்று அவர் சொன்னதை "தாக்கப்பட்டதாகக் கூறினார்" என்று அலுவலக நடையில் நாம் மாற்றினால், அடித்தவனே வாக்கியத்திலிருந்து மறைந்துபோகிறான். உயிர் பிரியும் நேரத்தில் ஒருவர் விட்டுச் செல்வது நாலைந்து சொற்கள்தாம். அவற்றையும் நம் சொற்களாக மாற்ற நமக்கு என்ன உரிமை?

அறிவியல் மாணவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக்கூடாது. துணைப்பாடமான வேதியியலில் உப்புப் பகுப்பாய்வுக்கு ஏட்டில் மூன்று பத்தி கோடு போடுகிறோம்: சோதனை, உற்றுநோக்கல், முடிவு. வெண்ணிற வீழ்படிவு தோன்றியது என்பது உற்றுநோக்கல். குளோரைடு இருக்கலாம் என்பது முடிவு. வீழ்படிவைக் காணுமுன் குளோரைடு என்று எழுதுபவனை ஆய்வகத்தில் யாரும் மன்னிப்பதில்லை. உப்பு சொன்னது ஒரு பத்தியில், நாம் சொல்வது மறு பத்தியில். நேர்கூற்றும் அயற்கூற்றும் அதுவே. உப்புக்குக் காட்டும் அந்த மரியாதையை மனிதர் சொல்லுக்குக் காட்ட நாம் ஏன் மறக்கிறோம்? கருத்தரங்கக் கட்டுரைகளில் கைப்பேசியிலிருந்து பத்தி பத்தியாக இறக்கி, குறியும் இல்லாமல், எழுதியவர் பெயரும் இல்லாமல் நம் பெயரைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. இதற்குத் திருட்டு என்று பெயர் சூட்டிவிட்டு ஓய்ந்துவிடலாம். ஆனால் உரைநூலில் உள்ளதை வரி மாறாமல் ஒப்பித்தால் முழு மதிப்பெண் என்று பன்னிரண்டு ஆண்டு பழக்கப்பட்டவனுக்கு, பிறர் வரிக்கு வேலி உண்டு என்பதை எந்த நாளில், எந்த வகுப்பில் சொன்னோம் என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

ஆங்கிலத் துறைக்கு என் வேண்டுகோள் சிறியது. நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக என்று பத்து வாக்கியங்கள் கொடுக்கிறோம். இயந்திரம் போல 'நவ்' என்பதை 'தென்' ஆக்கி, 'டுடே' என்பதை 'தட் டே' ஆக்கி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். பேசியது யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. அந்தப் பத்தில் இரண்டை எடுத்துவிட்டு, குறிகளே இல்லாத ஓர் உரையாடலைக் கொடுங்கள், குறியிடச் சொல்லுங்கள். அதற்கு முன், முதலாண்டின் முதல் வாரத்தில், தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே மணி நேரத்தில் சேர்ந்து நின்று 'என்று', 'ஆக' ஆகிய இரண்டையும் கரும்பலகையில் எழுதி விளக்கினால் இன்னும் நல்லது. இரு துறையும் ஒரு வகுப்பில் நிற்பது நடக்கிற காரியமா என்று சிரிக்கும் நண்பர்கள் சிரிக்கட்டும். வகுப்பு முடிவில் கேட்பதற்கு வினாவும் தயாராக இருக்கிறது. கந்தன் தம்பி பணம் கொடுத்துவிட்டான் என்றான்: இவ்வாக்கியத்தை எத்தனை வகையாகக் குறியிடலாமோ அத்தனை வகையாகவும் குறியிட்டு ஆங்கிலத்தில் எழுதுக, ஒவ்வொன்றிலும் பேசியவன் யார், பணம் கொடுத்தவன் யார் என்று அருகில் குறிப்பிடுக. ஆறு மதிப்பெண் தரலாம், ஒவ்வொரு வகைக்கும் இரண்டாக. நான்காவது வகை ஒன்றைக் கண்டுபிடிப்பவர் இருந்தால் அவருக்கு என்ன தருவது என்பதைப் பேராசிரியர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.